கடைசி பஸ், ஒரு படிவம், நாலு படிக்கட்டு
வாசகர் கேள்வி – பதில்

தொழில்நுட்ப வேலைகளில் சமவாய்ப்பு பற்றிக் கேட்டு வன்னியின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே விடயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊரை மட்டும் போடுகிறோம்.

கேள்வி: எங்களுடையது சிறிய மென்பொருள் நிறுவனம். இங்கிலாந்து வாடிக்கையாளருக்கு இணையத்தளம் செய்து கொடுக்கிறோம். எத்தனை தரம் விளம்பரம் போட்டாலும் பெண்கள் ஒருவர் இருவர்தான் விண்ணப்பிக்கிறார்கள். வந்து சேர்ந்த ஒரு பிள்ளையும் சில மாதத்தில் நின்றுவிட்டா. வேலை தெரிந்த பெண்கள் இந்தப் பக்கம் இல்லையா? விளம்பரத்தையும் இணைத்திருக்கிறேன். (கிளிநொச்சி)

இருக்கிறார்கள், ஐயா. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் அங்கேதான். வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. இவற்றிலிருந்து வெளியே வரும் பிள்ளைகள் உங்கள் விளம்பரத்தை வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள் என்பதுதான் எங்கள் கணிப்பு.

நீங்கள் அனுப்பிய விளம்பரத்தில் பதினான்கு தகைமைகள் இருக்கின்றன. உண்மையில் முதல் நாளே தேவைப்படுபவை நாலு. மற்றதெல்லாம் வேலைக்கு வந்து மூன்று மாதத்தில் பழகக்கூடியவை. "கட்டாயம் தேவை" என்று நாலையும், "தெரிந்திருந்தால் நல்லது" என்று இன்னும் மூன்றையும் போட்டுவிட்டு மிச்சத்தை வெட்டுங்கள். "ஆங்கிலத்தில் சரளம்" என்பதற்குப் பதிலாக அந்த வேலைக்கு ஆங்கிலம் எதற்கு வேண்டுமென்று எழுதுங்கள்: வாடிக்கையாளரின் மின்னஞ்சலை வாசித்துப் பதில் எழுதுவதற்கா, தொலைபேசியில் பேசுவதற்கா? எழுத்து மட்டும் போதுமென்றால் விண்ணப்பிக்கிறவர்கள் இன்னும் பலர். சம்பளம் "பேசித் தீர்மானிக்கப்படும்" என்று இருக்கிறது. பேரம் பேசிப் பழகியவருக்குத்தான் அது இலாபம். தொகையைப் போட்டுவிடுங்கள், குறைந்தது, கூடியது என இரண்டு எண்ணாக இருந்தாலும் பரவாயில்லை.

பெரிய தடை "இரவு வேலைக்குத் தயாராக இருக்க வேண்டும்" என்ற வரி. அது உண்மையில் தேவையா என்று கணக்குப் பாருங்கள். ஒக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் கடைசிவரை இங்கிலாந்து எங்களைவிட ஐந்தரை மணித்தியாலம் பின்னால். மற்ற மாதங்களில் நாலரை. லண்டனில் காலை 9 மணி என்றால் கிளிநொச்சியில் மாரியில் பிற்பகல் 2.30, கோடையில் 1.30. நீங்கள் 5 மணிக்குக் கடையைப் பூட்டினாலும் மாரியில் இரண்டரை, கோடையில் மூன்றரை மணித்தியாலம் இரு பக்கமும் விழித்திருக்கிற நேரம் கிடைக்கிறது. கூட்டம், கேள்வி, ஒப்புதல் எல்லாவற்றையும் அதற்குள் வையுங்கள். காலை நேரம் இடையூறில்லாமல் கோட் எழுத. இரவில் இணையத்தளம் செயலிழந்தால் பார்ப்பதற்கு ஒருவர் வேண்டும். அதை வீட்டிலிருந்து, முறை வைத்து, தனிப் படியோடு செய்யலாம். முறையில் ஆண்களும் பெண்களும் சமமாக வரவேண்டும்.

வேலை நேரத்தைத் தீர்மானிக்கும் முன் பஸ் நிலையத்தில் போய் உருத்திரபுரம், வட்டக்கச்சி, தருமபுரம், அக்கராயன், பூநகரி வழிகளின் கடைசி பஸ் நேரத்தை எழுதிக்கொண்டு வாருங்கள். ஏ9 வீதியில் எந்நேரமும் பஸ் ஓடும், அது பிரச்சினையில்லை. கிளை வீதியில் இறங்கி நடக்கிற தூரம்தான் ஒருத்தி வேலையில் நிற்பதா விடுவதா என்று தீர்மானிக்கும்.

நின்றுபோன பிள்ளையிடம் காரணம் கேட்டீர்களா? நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஒருவரை வைத்துக் கேளுங்கள், உங்களிடம் சொல்லமாட்டா. அதற்கு முன் மலசலகூடத்தைப் பாருங்கள். பெண்களுக்குத் தனியாக இருக்கிறதா, உள்ளே கொண்டி பூட்டுகிறதா, தண்ணீர் நாள் முழுக்க வருகிறதா, மூடியுள்ள குப்பைக்கூடை இருக்கிறதா? இந்த நாலும் இல்லாத இடத்தில் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள், பிறகு நின்றுவிடுவார்கள். இராஜினாமாக் கடிதத்தில் "குடும்பக் காரணம்" என்று எழுதியிருக்கும். அடுத்த முறை முடிந்தால் இருவரைச் சேர்த்து எடுங்கள். பத்து ஆண்களுக்கு நடுவில் ஒருத்தியாக இருப்பது தனி வேலை.

கேள்வி: பாரபட்சம் வராமல் இருக்க, சுயவிபரக் கோவையில் பெயரை மறைத்துவிட்டுத் தெரிவு செய்யலாம் என்கிறார்கள். இது பலன் தருமா? (வவுனியா)

பெயருக்குப் பலம் இருக்கிறது என்பது பரிசோதித்துப் பார்த்த விடயம். அமெரிக்காவில் ஒரே தகைமையோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்களை அனுப்பினார்கள். வெள்ளையர் பெயர் என்று தோன்றியவற்றுக்கு, கறுப்பினத்தவர் பெயர் என்று தோன்றியவற்றைவிட 50 வீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. இந்த ஆய்வு 2004 இல் வெளியானது.

ஆனால் எங்கள் ஊரில் பெயரை மட்டும் மறைப்பது அரைவாசி வேலைகூட இல்லை. அடையாள அட்டை எண்ணைப் பாருங்கள். 12 இலக்க எண்ணில் முதல் நாலும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 032, பெண்ணுக்கு 532. பழைய 9 இலக்க அட்டையிலும் இதே முறைதான், ஆண்டு மட்டும் இரண்டு இலக்கம். பெயரை அழித்துவிட்டு அட்டை எண்ணை விட்டுவைத்தால் ஆணா பெண்ணா, வயதென்ன என்பதெல்லாம் அப்படியே தெரியும்.

எனவே பெயர், படம், அடையாள அட்டை எண், பிறந்த திகதி, முகவரி, பாடசாலைப் பெயர், சமயம், திருமண நிலை எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். கடைசியில் இருக்கும் "உறவினரல்லாத நடுவர் இருவர்" பகுதியையும் எடுங்கள். எந்த ஊர்ப் பாதிரியார், எந்தக் கோயில் தலைவர், எந்த அதிபர் என்று பார்த்தாலே ஆள் யாரென்று ஊகிக்கிறவர்கள் இங்கே நிறைய. தெரிவுக் குழுவில் இல்லாத ஒருவர் இதைச் செய்து, ஒவ்வொன்றுக்கும் தொடரிலக்கம் போட்டுக் கொடுக்கட்டும்.

இந்த மறைப்பெல்லாம் ஆள் கதவைத் திறந்து உள்ளே வரும்வரைதான். நேர்முகத்தில்தான் கவனம் கூட வேண்டும். எல்லோருக்கும் ஒரே ஆறு கேள்வி, ஒரே ஒழுங்கில். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை புள்ளி. எந்தப் பதிலுக்கு 4, எந்தப் பதிலுக்கு 2 என்று முதலே எழுதிவைத்திருக்க வேண்டும். குழுவில் உள்ளவர்கள் தத்தமது புள்ளியை எழுதிக் கொடுத்த பிறகுதான் வாய் திறக்கலாம். இல்லாவிட்டால் மூத்தவர் தலையசைக்கும் பக்கம் மற்றவர்களும் சாய்வார்கள். கேள்விகளைவிட ஒன்றரை மணித்தியாலச் சிறு வேலை ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. அந்த நேரத்துக்குக் காசும் கொடுங்கள்.

கேட்கவே கூடாதவை: கலியாணம் எப்போது, அப்பா என்ன செய்கிறார், சொந்த இடம் எது. மூன்றாவது கேள்வி சாதியைத் துழாவும் கேள்வி என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். 1977 க்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளும் இந்தக் கேள்வியில்தான் ஒதுக்கப்படுகிறார்கள். படிப்பில் ஓரிரு வருட இடைவெளி இருந்தால் அதைக் கிண்டாதீர்கள். 2008, 2009 இல் இந்தப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சான்றிதழ் தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்தில் பெறுபேற்றின் பிரதி எடுக்கலாம். "மூலப் பிரதி கையில் இருந்தால் மட்டும் வரவும்" என்று போடாமல், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதத்துக்குள் தந்தால் போதும் என்று போடுங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு இரண்டு கண்ணும் தெரியாது. உயர்தரம் முடித்திருக்கிறான். கணினி வேலைக்கு ஆசைப்படுகிறான். சாத்தியமா? எங்கிருந்து தொடங்குவது? (புதுக்குடியிருப்பு)

சாத்தியம். காசும் அதிகம் தேவையில்லை. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற மென்பொருள் இலவசம். விண்டோஸ் 10 உள்ள பழைய லப்டொப்பிலும் போடலாம். அதனோடு வரும் ஈஸ்பீக் குரலில் தமிழும் இருக்கிறது, இணையம் இல்லாமலே வேலை செய்யும். இயந்திரக் குரல்தான்; முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு காது பழகிவிடும். விண்டோஸில் தமிழ் மொழித் தொகுப்பைச் சேர்த்தால் "வள்ளுவர்" என்ற குரலும் கிடைக்கும், அது கொஞ்சம் மனிதக் குரல் மாதிரி.

தொடங்கும்போது வரும் பெட்டியில், லப்டொப் என்றால் கப்ஸ் லொக் விசையை என்விடிஏ விசையாகத் தெரிவு செய்யுங்கள். சிறிய விசைப்பலகைகளில் இன்சர்ட் விசை எங்கேயோ மூலையில் ஒளிந்திருக்கும். பிறகு அந்த விசையோடு 1 ஐ அழுத்தினால் பயிற்சி நிலைக்குப் போகும்: எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரை மட்டும் சொல்லும், வேறொன்றும் நடக்காது. தம்பி முதல் ஒரு கிழமை இதிலேயே இருக்கட்டும். அடுத்தது, பேச்சை நிறுத்த கொன்ட்ரோல், முழுவதும் வாசிக்க என்விடிஏ விசையும் கீழம்பும். இணையப் பக்கத்தில் எச் அழுத்தினால் தலைப்புக்குத் தலைப்பு தாவும், பி (B) அழுத்தினால் பொத்தானுக்கு, எஃப் அழுத்தினால் படிவக் கட்டத்துக்கு. மவுசை மேசையிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

இனி எது பிழையாகப் போகும் என்று சொல்கிறோம். எங்கள் அலுவலகங்களில் பாதிக் கோப்புகள் இன்னும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கில எழுத்துகள்தான் கிடக்கின்றன. "தமிழ்" என்று பாமினியில் அடித்த சொல்லைத் திரைவாசிப்பான் "ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி" என்று வாசிக்கும். தம்பி தன்னில்தான் பிழை என்று நினைப்பான். யுனிகோடில், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில், அடித்தது மட்டுமே வாசிக்கும். பாமினியை யுனிகோடாக்கும் இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிய பிறகு யாராவது கண் தெரிந்தவர் ஒருமுறை பார்க்க வேண்டும்: கோப்பில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் குழம்பிய தமிழாகிவிடும், அரவும் ரகரமும் சில இடங்களில் மாறி நிற்கும். பிரதேச செயலகத்திலோ பாடசாலையிலோ யாராவது இதை வாசித்தால், இன்றைக்கே புதிய கோப்புகளை யுனிகோடில் தொடங்குங்கள். பழையதை ஆறுதலாக மாற்றலாம். ஸ்கான் பண்ணிய பிடிஎஃப்பும் இதே கதைதான், படத்தில் வாசிக்க எழுத்தே இல்லை.

வேலை வகை? கோட் எழுதலாம். பைதன் என்ற கணினி மொழியைப் படிப்பதென்றால் என்விடிஏயின் ஆவண அமைப்பில் "வரி உள்ளிடைவெளியைச் சொல்" என்பதைப் போட்டுவிட வேண்டும். பைதனில் இடைவெளிதான் இலக்கணம், அதைக் கேட்காமல் எழுத முடியாது. இன்னொரு வழி, இணையத்தளங்களை அணுக முடிகிறதா என்று சோதிக்கும் வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகுதன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருப்பதால் அங்கே விற்கும் நிறுவனங்களுக்கு இப்படிச் சோதிப்பவர்கள் தேவைப்படுகிறார்கள். இணையத்தள அணுகுதன்மைக்கான வழிகாட்டி நெறிகளின் 2.2 ஆம் பதிப்பு 2023 ஒக்டோபரில் வந்தது. அதை வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். கண் தெரிந்த சோதனையாளர் ஊகித்துச் சொல்வதைத் தம்பி பயன்படுத்திச் சொல்வான்.

கேள்வி: எங்கள் பயிற்சி நிலையத்தில் சக்கரநாற்காலியில் வரும் ஒரு தங்கையும் செயற்கைக்கால் போட்ட இருவரும் சேர்ந்திருக்கிறார்கள். கட்டடத்துக்கு நாலு படி. என்ன மாற்ற வேண்டும்? (மாங்குளம்)

நாலு படி என்றால் சுமார் 60 சென்ரிமீற்றர் உயரம். சாய்தளம் 1 க்கு 12 என்ற விகிதத்தில் போக வேண்டும்: 60 சென்ரிமீற்றர் ஏற 7.2 மீற்றர் நீளம். முற்றத்தில் இடமில்லை என்று சொல்லி மேசன் மூன்று மீற்றரில் முடித்துவிடப் பார்ப்பார், விடாதீர்கள். அந்தச் சரிவில் நாற்காலி பின்பக்கமாகக் குடை சாயும், தள்ளுகிறவரும் விழுவார். இடமில்லாவிட்டால் நடுவில் ஒன்றரை மீற்றர் தட்டையான மேடை விட்டு மடக்கிக் கட்டலாம். இரண்டு பக்கமும் 90 சென்ரிமீற்றர் உயரத்தில் கைபிடி, ஓரத்தில் சிறு வரம்பு. மேற்பரப்பில் பளபளக்கும் ரைல்ஸ் வேண்டாம். சீமெந்து ஈரமாக இருக்கும்போதே தும்புத்தடியால் குறுக்கே இழுத்துவிட்டால் போதும், மாரி மழையிலும் வழுக்காது. வாசலிலிருந்து சாய்தளம் வரை கிரவல் போட்டிருந்தால் முன் சில்லுகள் புதையும், 1.2 மீற்றர் அகலத்தில் ஒரு கொங்கிறீட் பாதை போடுங்கள்.

கதவு 90 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். மலசலகூடக் கதவு பெரும்பாலும் இரண்டரை அடிதான் வைத்திருப்பார்கள், அதோடு உள்பக்கம் திறக்கும். வெளியே திறக்கிற மாதிரி மாற்றினால் உள்ளே இடம் மிஞ்சும், உள்ளே யாரும் விழுந்தாலும் கதவைத் திறக்கலாம். நாற்காலி திரும்ப ஒன்றரை மீற்றர் வட்டம் வேண்டும். மேசைக்குக் கீழே முழங்கால் போக 70 சென்ரிமீற்றர். கணினிப் பெட்டியை அங்கே வைக்காதீர்கள்.

செயற்கைக்கால் போட்ட இருவருக்கும் சில்லு வைத்த கதிரை கொடுக்க வேண்டாம். எழும்ப ஊன்றும்போது கதிரை பின்னால் ஓடும். கைபிடியுள்ள நாலுகால் கதிரை கொடுங்கள். வன்னி வெயிலில் செயற்கைக்காலின் குழிக்குள் வியர்த்துத் தோல் உரியும். பகலில் ஒருமுறை கழற்றித் துடைத்து, உறை மாற்ற மறைவான ஓர் இடம் வேண்டும். முழங்காலுக்குக் கீழே இழந்தவர் மணிக்கணக்கில் முழங்காலை மடித்து வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடும், நீட்டி வைக்க ஒரு முக்காலி போடுங்கள். ஒரு கையால் அடிப்பவர் யாரும் இருந்தால் ஷிஃப்ட் விசையை ஐந்து தரம் தட்டச் சொல்லுங்கள், ஒட்டு விசை வசதி வரும். பிறகு இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய இடத்தில் ஒவ்வொன்றாக அழுத்தலாம்.

கேள்வி: கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். கூட்டமெல்லாம் ஆங்கிலத்தில், இடைக்கிடை சிங்களத்தில். எனக்கு வேலை தெரியும், ஆனால் வாயைத் திறக்கும் முன் அடுத்த விடயத்துக்குப் போய்விடுகிறார்கள். (ஒட்டுசுட்டான்)

தங்கச்சி, உங்கள் மேலாளரிடம் மூன்று விடயம் கேளுங்கள், சலுகையாக இல்லை, வேலை முறையாக. கூட்டத்தில் பேசப்போகும் விடயங்கள் முதல் நாள் எழுத்தில் வர வேண்டும். ஒவ்வொரு விடயத்துக்கும் முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் பொது ஆவணத்தில் கருத்தை எழுதிவிட்டுப் பிறகு பேசலாம். முடிவுகள் அன்றைக்கே எழுத்தில் வர வேண்டும், சிங்களத்தில் பேசியதும் சேர்த்து. பெயர் சொல்லி ஒவ்வொருவரையும் கேட்கும் வழக்கம் இருந்தால் இன்னும் நல்லது.

கமராவைப் போட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் கணக்கைக் காட்டுங்கள்: படத்தோடு கூடிய குழு அழைப்பு மணிக்கு ஒரு ஜிபி அளவில் தின்னும், குரல் மட்டும் என்றால் நூறு எம்பிக்குள் முடியும். அந்த டேட்டாச் செலவு யாருடையது என்பதை நியமனக் கடிதத்தில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் நின்றால் எப்படி அறிவிப்பது, அந்த நேரம் எப்படிக் கணக்கிடப்படும் என்பதையும்.

கேள்வி: இறுதியாண்டுச் செயற்றிட்டமாகப் பிரதேச மக்களுக்கான ஒரு செயலி செய்கிறோம். பதிவுப் படிவத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? (வவுனியா)

"முதற்பெயர், குடும்பப்பெயர்" என்று இரண்டு கட்டம் வைக்காதீர்கள். எங்களுக்குக் குடும்பப்பெயர் இல்லை. அப்பாவின் பெயரை ஒருவர் முன்னால் போடுவார், இன்னொருவர் பின்னால். பிறகு அடையாள அட்டையோடு ஒத்துவராது. "முழுப்பெயர், அடையாள அட்டையில் உள்ளபடி" என்று ஒரே கட்டம், பக்கத்தில் "எப்படி அழைக்கலாம்" என்று இன்னொன்று. கலியாணத்துக்குப் பிறகு முதலெழுத்து மாறும், எனவே பெயரைத் திருத்த வழி வேண்டும்.

எழுத்து எண்ணிக்கைக்கு எல்லை வைக்கும்போது கவனம். "கிருஷ்ணமூர்த்தி" எங்கள் கண்ணுக்கு எட்டு எழுத்து. யுனிகோடில் 15 குறியீடு. அதைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப் 8 முறையில் 45 பைட். பைட் கணக்கில் 40 என்று எல்லை வைத்தால் பெயரின் வால் அறுந்து பெட்டிக்குறியாகத் தெரியும். குறுஞ்செய்தியும் அப்படித்தான், ஆங்கிலத்தில் 160 எழுத்து போகிற இடத்தில் தமிழில் 70. செலவுக்குப் பயந்து ஆங்கிலத்தில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள், செய்தியைச் சுருக்குங்கள்.

அடையாள அட்டைக் கட்டம் 12 இலக்கத்தை மட்டும் ஏற்றால் பழைய அட்டை வைத்திருக்கும் அம்மம்மா அப்பப்பா எல்லாம் வெளியே. 9 இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்டதையும் ஏற்க வேண்டும். ஒரு வீட்டில் ஒரு போன்தான் என்றால், "இந்த இலக்கம் ஏற்கெனவே பதிவாகியுள்ளது" என்று தங்கையின் கணக்கைத் தடுக்கக் கூடாது. உறுதிப்படுத்தும் இலக்கத்துக்கு அறுபது வினாடி போதாது, போன் வயலில் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும். பத்து நிமிடம் கொடுங்கள்.

"கணவர் பெயர்" கட்டாயக் கட்டமாக வேண்டாம். "திருமணமானவர், ஆகாதவர், விதவை" என்ற மூன்றில் ஒன்றைத் தொடு என்றால் வன்னியில் பல பெண்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர், அவர் வருவார் என்று இருப்பவர், விதவை என்பதைத் தொடமாட்டார். அந்தத் தகவல் உங்களுக்கு எதற்கு என்று முதலில் யோசியுங்கள். தேவையில்லாவிட்டால் கேட்காதீர்கள். தேவையென்றால் "சொல்ல விரும்பவில்லை" என்பதையும் சேருங்கள். ஆண், பெண் கேள்விக்கும் இதுவே.

கேள்வி: விண்ணப்பங்களைச் செயற்கை நுண்ணறிவால் சலித்தால் பாரபட்சம் வராதல்லவா? (வவுனியா)

வரும். கடந்தகாலத்தில் யாரை எடுத்தீர்களோ அவர்களைப் பார்த்துத்தான் அது பழகுகிறது. அமேசன் இப்படி ஒரு கருவியைச் செய்துபார்த்துக் கைவிட்டது. "பெண்கள்" என்ற சொல் வந்த விண்ணப்பங்களுக்கு அது புள்ளி குறைத்ததாக 2018 இல் செய்தி வந்தது. அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்கள் வெளிர்நிற ஆண்களில் அதிகபட்சம் 0.8 வீதம் பிழைவிட்டன, கருநிறப் பெண்களில் 34.7 வீதம் வரை. முகம் பார்த்து வரவு பதியும் இயந்திரம் வாங்குபவர்கள், வாங்கும் முன் தங்கள் ஊழியர் எல்லோரையும் அதன் முன் நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: பிள்ளை பிறந்தால் எத்தனை நாள் லீவு? எனக்கு நியமனக் கடிதம் இல்லை, "சேவை வழங்குநர்" என்ற ஒப்பந்தம் மட்டும் தந்திருக்கிறார்கள். (முல்லைத்தீவு)

அலுவலக ஊழியருக்கு 84 நாள், சம்பளத்தோடு. 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் இதுதான். வார விடுமுறை, போயா, சட்ட விடுமுறைகள் இதற்குள் சேராது. உங்கள் ஒப்பந்தத்தில்தான் சிக்கல். நேரத்துக்கு வா, நேரத்துக்குப் போ, எங்கள் லப்டொப்பில்தான் வேலை, வேறு இடத்தில் செய்யாதே என்று நிபந்தனை இருந்தால், தாளில் என்ன பெயர் போட்டிருந்தாலும் நீங்கள் ஊழியர் என்று வாதாட இடமுண்டு. ஊழியர் என்றால் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் நீங்கள் 8 வீதமும், நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதமும் கட்ட வேண்டும். வருகைப் பதிவு, வட்ஸ்அப் கட்டளைகள், வங்கிக்கு வந்த சம்பளம் எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொண்டு தொழில் திணைக்களத்துக்குப் போங்கள். பிள்ளைப்பேற்றுக்கு முன்னமே போவது நல்லது.

கேள்வி: இதெல்லாம் செய்தால் தரம் குறையாதா? (மன்னார்)

கேள்விகளை முதலே எழுதி, புள்ளி போட்டு, வேலையைச் செய்யவைத்துப் பார்த்து எடுப்பதால் தரம் எப்படிக் குறையும்? மச்சானின் மகனை எடுக்கும்போது யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

கேள்வி: எல்லாத் தகைமையும் இருந்தும், ஊன்றுகோலைப் பார்த்துவிட்டு வேலை இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். தனியார் நிறுவனம். எங்கே முறையிடலாம்? (பரந்தன்)

அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் அது அரச நிர்வாகச் செயல்களுக்கே பொருந்தும். அதன்கீழ் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். தனியார் என்றால் உங்களுக்கு உதவுவது 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம். வலுவிழப்பைக் காரணம் காட்டி எந்த வேலைக்கும் ஆட்சேர்ப்பில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது அதன் 23 ஆம் பிரிவு. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். சட்டத்தரணி வைக்க வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள்.

முகத்துக்கு நேரே சொன்னது சாட்சியில்லாமல் நிற்காது. இன்றைக்கே அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: எந்தத் திகதி, எத்தனை மணிக்கு நேர்முகத்துக்கு வந்தீர்கள், யார் என்ன சொன்னார், நிராகரித்த காரணத்தை எழுத்தில் தர முடியுமா. பதில் வந்தாலும் அது சான்று, பதில் வராவிட்டாலும் நீங்கள் உடனே எழுதியது சான்று. விளம்பரத்தின் படத்தையும், அழைப்பு வந்த குறுஞ்செய்தியையும் அழிக்காமல் வைத்திருங்கள்.